ஹனிபா மச்சானின் படிப்பும் எங்கள் முன்னறையும்

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு ஆட்கள் வீடு திரும்புகிற நேரம். கடல் பக்கமிருந்து கருவாட்டு வாடை காற்றோடு எங்கள் குறுகலான ஒழுங்கைக்குள் வந்துகொண்டிருந்தது. தங்கச்சியின் புது வீட்டு விறாந்தையைக் கூட்டலாம் என்று விளக்குமாற்றோடு போனேன். சுண்ணாம்பு இன்னும் காயாத சுவரோரம் போட்டிருந்த நீள வாங்கில் அலியார் காக்கா உட்கார்ந்திருந்தார். சாரன் முழங்காலுக்கு மேலே சுருண்டிருந்தது. முழங்காலில் எண்ணெய் மினுங்கியது.

"டாக்டர் எழும்பிட்டாரா தம்பி?" என்று கேட்டார்.

"எந்த டாக்டர் காக்கா?"

"நம்மட ஹனிபா டாக்டர்தான்."

"அவரு இப்பதான் கொழும்பில கப்பல் ஏறியிரிக்காரு. லண்டனுக்குப் போய்ச் சேரவே இன்னும் நாள் கிடக்கு."

அலியார் காக்கா முழங்காலை இன்னொரு தரம் தேய்த்தார். பிறகு கேட்டார்: "போய்ப் படிச்சிட்டு வருவாருதானே?"

"ஓம், வருவாரு."

"அப்ப பரவாயில்ல. நான் முதல் ஆளா இரிக்கன். பொறகு சனம் கூடிரும்."

அவர் சொன்னது சரியாகத்தான் போனது. சனம் கூடத்தான் செய்தது. ஆனால் அதற்கு இடையில் அந்த விறாந்தைக்குப் பின்னாலிருந்த முன்னறை பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

வீடு முதலில், மாப்பிள்ளை பிறகு

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கரையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண் பிறந்த அன்றைக்கே வாப்பாமார் வீட்டுக்குக் கல் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். வீடு எழும்ப எழும்பப் பெண்ணும் வளரும். கூரை போடுகிறபோது மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

என் தங்கச்சி சுபைதாவுக்கு மாப்பிள்ளை தேட வேண்டியிருக்கவில்லை. மாமியின் மகன் ஹனிபா முறைமாப்பிள்ளை. எங்கள் ஒழுங்கையில் பெரிய சோதனை பாஸ் பண்ணிய முதல் ஆள் அவர்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பையெல்லாம் என் கடையில் சாமான் சுற்ற வாங்கிய பழைய பேப்பர்களில்தான் படித்தேன். அதனால் பல செய்திகளின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. முடிவு இருந்த பக்கத்தில் யாருக்கோ பருப்பு போயிருக்கும்.

ஹனிபா மச்சானை லண்டனுக்கு அனுப்புவது என்று மாமியும் வாப்பாவும் முடிவெடுத்தார்கள். என்ன படிப்பது என்பதை ஊர் முடிவெடுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் குடியாட்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். குடி என்பது தாய்வழி வரும் எங்கள் வம்சக் கூட்டம். வாய்க்கால் தண்ணீர் வயலுக்கு ஏறாதவர் இன்ஜினியர் படிப்பு என்றார். காணி வழக்கில் கிடந்தவர் அப்புக்காத்து, அதாவது வக்கீல், என்றார். தன் எருமை ஈனாமல் தவித்தவர், "மனிசனுக்கு டாக்டர் கிடைப்பாரு, மாட்டுக்குத்தான் ஆளில்ல," என்றார். அவரவர் கஷ்டமே அவரவருக்குப் படிப்பாகத் தெரிந்தது.

கடைசியில் வாப்பா சொன்னார்: "மற்றக் குடியில ஏற்கெனவே ஒரு பிரக்கிராசி இரிக்காரு. நாமளும் சட்டம் படிப்பிச்சா அவருக்குப் பின்னால நிக்கிற மாதிரி இரிக்கும். நம்மட குடிக்கு டாக்டர்தான் சரி."

கூட்டம் ஓம் என்றது. அலியார் காக்கா தன் முழங்காலைத் தடவிக்கொண்டு மற்றவர்களைவிடப் பலமாக ஓம் என்றார்.

இவ்வளவு நேரமும் ஹனிபா மச்சான் சோடாப் போத்தல்களின் குண்டை அமுக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவருக்கு ஞாபகம் வந்தது.

"மாப்பிள்ள என்ன சொல்றாரு?"

"எனக்கு எல்லாம் ஒண்டுதான்," என்றார் மச்சான்.

என்ன மரியாதையான பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அது உண்மை என்று விளங்க வருஷங்கள் ஆகின.

இடியப்ப உரல்

அவருடைய குணத்துக்கு ஒரு சாட்சி சொல்லிவிட்டு அறைக்கு வருகிறேன்.

வழியனுப்ப நானும் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போனேன். ரயிலில் ஏற்றும்போது பெட்டியைத் தூக்க முடியவில்லை. திறந்து பார்த்தால் நடுவில் ஒரு பித்தளை இடியப்ப உரல். மாமி வைத்திருக்கிறார். இரண்டு ஆள் பிழிந்தால்தான் மாவு இறங்கும் உரல் அது.

"இத ஏன் மச்சான் கொண்டு போறீங்க?"

"உம்மா வெச்சா."

"வேணாமெண்டு சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம்தான்," என்று அவர் அதையும் ஒப்புக்கொண்டார். உரல் லண்டனுக்குப் போனது.

கப்பலேற முந்திய கிழமைதான் காவின் எழுதினார்கள். காவின் என்றால் கலியாணப் பதிவு. அது எழுதியாகிவிட்டால் அவள் அவருடைய பெண்சாதி. ஆனால் ஊரைக் கூட்டி, மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வந்து வீட்டுக்குள் ஏற்றும் வைபவம் படிப்பு முடிந்த பிறகு என்று பேசிக்கொண்டார்கள். ஆக, சுபைதாவுக்குப் புருஷன் இருந்தார், வீடும் இருந்தது. புருஷன்தான் வீட்டில் இல்லை. வராமல் போனால் அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதைப் பற்றி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

குழாயில்லாத தண்ணித்தொட்டி

மச்சான் கப்பலேற முன்னமே, டாக்டர் மாப்பிள்ளைக்கு டிஸ்பென்சரி வேண்டும் என்று வாப்பா முன்னறையைக் கட்டத் தொடங்கியிருந்தார். பாண்டிருப்பிலிருந்து மேசன் சின்னத்தம்பி வந்தார். நோயாளிகள் காத்திருக்க விறாந்தையில் நீள வாங்கு. அறைக்கும் உள்வீட்டுக்கும் இடையில், மருந்து எடுத்து நீட்டுவதற்கு ஒரு சின்ன யன்னல். மூலையில் டாக்டர் கை கழுவ வெள்ளைப் பீங்கான் தொட்டி.

எங்கள் ஊரில் அப்போது குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறுதான். மேசன் தொட்டியைச் சுவரில் பதித்துவிட்டு, வயல் சொந்தக்காரரான வாப்பாவிடம் கேட்டார்: "போடியார், தண்ணி எதால வரும்?"

"டாக்டர் வந்தா தண்ணி வரும்," என்றார் வாப்பா.

மேசன் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "தம்பி, நான் கோயிலும் கட்டியிரிக்கன், பள்ளியும் கட்டியிரிக்கன். ரெண்டு இடத்திலயும் இப்பிடி நம்பிக்கையான ஆளக் காணல்ல."

அப்படித்தான் அந்த வாங்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். இருமல்காரர், வயிற்றுக் குத்துக்காரர், தூக்கம் வராதவர். காலையில் வந்து, தங்கள் வருத்தத்தை ஒருவருக்கொருவர் சொல்லி, வெயில் ஏறப் போய்விடுவார்கள். சிலருக்கு அதிலேயே சுகம் கிடைத்தது. அலியார் காக்காவின் முழங்கால் மட்டும் அசையவில்லை. கரைவலை இழுக்கப் போனபோது தோணியின் விளிம்பு இடித்த முழங்கால் அது.

நீலக் கடிதம்

அடுத்த மாரி மழைக்குள் முதல் கடிதம் வந்தது. மடித்து ஒட்டுகிற நீலத் தாள். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்க நான்தான் வாசித்தேன். வகுப்பில் உடம்பை அறுத்துக் காட்டியபோது மச்சான் மயங்கி விழுந்திருக்கிறார். இரண்டாம் தடவை அறுக்க முன்னமே விழுந்திருக்கிறார். மூன்றாம் தடவை புத்தகத்தில் படத்தைப் பார்த்தே விழுந்திருக்கிறார். கல்லூரிக்காரர் கருணையாகப் பேசி அனுப்பிவிட்டார்கள். அங்கே தெரிந்த ஒருவர் சட்டம் படிக்கச் சொல்ல, இவரும் சரியென்று அதில் சேர்ந்துவிட்டார்.

வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாடறுக்கக்குள்ள நெல்லுப் பட்டறைக்குள்ள ஒளிஞ்ச பொடியன். அண்டைக்கே நான் யோசிச்சிரிக்கணும்."

பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, "மேசனக் கூப்பிடு," என்றார்.

மருந்து யன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தார்கள். சட்டப் புத்தகங்களுக்காகத் தரையிலிருந்து கூரை வரை மூன்று சுவருக்கும் தட்டுகள் வந்தன. வாங்கு அப்படியே கிடந்தது. வழக்குக்காரரும் காத்திருக்கத்தானே வேண்டும். அத்தோடு வாப்பா இன்னொரு வாசலும் வெட்டச் சொன்னார்.

"ஒரு அறைக்கு ரெண்டு வாசலா போடியார்?"

"வழக்காளி ஒண்டால வரணும், எதிராளி மற்றதால வரணும். ஒரே வாசலால வந்தா வழக்கு வாசலிலயே முடிஞ்சிரும். பொறகு அப்புக்காத்துக்கு என்ன வேல?"

இருமல்காரர்கள் எழுந்து போக, எல்லைச் சண்டைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அலியார் காக்கா மட்டும் எழும்பவில்லை.

"இனி டாக்டர் இல்ல காக்கா," என்றேன்.

"கேள்விப்பட்டன். அதான் முழங்காலுக்கு வழக்கு வைப்பமெண்டு இரிக்கன்."

"ஆருக்கு மேல?"

"தோணிக்காரனுக்கு மேல."

"தோணி ஆருட?"

"என்டதான்."

"அப்ப வழக்கு உங்களுக்கு மேலயா?"

"அதத்தான் அப்புக்காத்து வந்து பாத்துச் சொல்லணும்," என்று சாரனை இன்னும் கொஞ்சம் சுருட்டிக்கொண்டார்.

எதிர்த்தரப்பு சொல்வது நியாயம்தான்

இரண்டாம் கடிதம் வந்தபோது வாப்பாவுக்குத் தாடி பாதி வெளுத்திருந்தது. சட்டக் கல்லூரியில் பழக்கத்துக்காக ஒரு பொய் வழக்குப் பேச வைத்தார்களாம். எதிர்த்தரப்பு மாணவன் பேசி முடித்தான். மச்சான் எழுந்து, 'அவர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வழக்கில் இவரை எதிர்த்தரப்பில் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அதையே சொன்னார். கடிதத்தின் கடைசி வரி இது: 'இனி என்ன படிக்கலாம் என்று நீங்கள் எழுதினால் அதைப் படிக்கிறேன்.'

இந்தச் செய்தி வாங்கிலிருந்து கிளம்பி, பின்னேரத்துக்குள் ஒரு பக்கம் சாய்ந்தமருது, மறு பக்கம் மருதமுனைத் தறிக்கொட்டில் வரைக்கும் போய்விட்டது. கிணற்றடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாளாம்: "லண்டனில இரிந்து படிப்ப மாத்துறாரு, படிப்ப மாத்துறாரு. கடைசில பொண்டாட்டிய மாத்திட்டு எழுதுவாரு பாரு." பக்கத்தில் நின்ற சுபைதா அதைக் கேட்டுக்கொண்டே தண்ணீர் இறைத்து முடித்துவிட்டுத்தான் வந்தாள். கயிறு உராய்ந்து உள்ளங்கை சிவந்திருந்தது.

அவளோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கெல்லாம் அதற்குள் இரண்டு மூன்று குழந்தைகள். ஆள் குடியேறாத வீட்டை இவள் ஒவ்வொரு நாளும் கூட்டிப் பெருக்கி வைத்தாள். அந்த முன்னறையைத் துடைக்கிறவளும் அவள்தான்.

மறுபடி வெள்ளிக்கிழமை, மறுபடி பாய், மறுபடி சோடா. இந்தத் தடவை போத்தல் உடைத்தது நான். வாய்க்கால்காரர் இத்தனை வருஷமும் காத்திருந்தவர் மாதிரி எழுந்து நின்று, "நான் அப்பவே இன்ஜினியர் எண்டன்," என்றார். கூட்டம் ஓம் என்றது. படம் கீற நீளமான மேசை வேண்டும், அறை போதாது, உட்சுவரை உடைத்துப் பெருப்பிக்க வேண்டும் என்று வாப்பா சொன்னார். மேசன் சின்னத்தம்பி அலவாங்கு என்கிற கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

போனவர் அப்படியே பின்னுக்கு நடந்து வெளியே வந்தார். "போடியார், சுவர உடைக்கலாம். ஆனா சுவருக்கு முன்னால மகள் நிக்கிறா."

சுவருக்கு முன்னால்

சுபைதா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பலகை அடித்த யன்னலுக்கு முதுகு கொடுத்து நின்றாள். ஆண்கள் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி அவள் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"வாப்பா, இதில அலவாங்கு பட்டா நான் உம்மாட வீட்டிலயே இரிந்திருவன். இந்த வீட்ட இன்ஜினியருக்கே குடுங்க."

"என்ன மகள் கதை இது? மாப்பிள்ளட படிப்புக்கு ஏத்த மாதிரி வீடு இரிக்க வேணாமா?"

"மாத்தினது போதும் வாப்பா. அவரு படிப்ப மாத்த, நீங்க வீட்ட மாத்த, இடையில நான் சிமெந்துத் தூசி தட்டிட்டு இரிக்கன். இனி வீடு மாறாது. வீட்டுக்கு ஏத்த மாதிரி அவரு படிக்கட்டும்."

கூட்டத்தில் யாரோ சோடா விழுங்கியது கேட்டது.

"காக்கா, எழுதுங்க," என்றாள் அண்ணனாகிய என்னிடம். "கூரை வரைக்கும் தட்டு இரிக்கி. நிறைய ஆள் இரிக்க வாங்கு இரிக்கி. சாமான் நீட்ட யன்னல் இரிக்கி, ஆணியக் கழட்டினாச் சரி. கை கழுவத் தொட்டி இரிக்கி. வர ஒரு வாசல், போக ஒரு வாசல். இதுக்கெல்லாம் ஏத்த ஒரு படிப்பு லண்டனில இரிக்கா எண்டு கேட்டு, இரிந்தா அதப் படிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி சும்மா வரச் சொல்லுங்க."

மேசன் அலவாங்கைக் கீழே வைத்தார். "போடியார், இவ்வளவு காலத்தில இந்த வீட்டில கேட்ட முதல் கணக்கு இதுதான்."

நான் எழுதினேன். ஒட்டும் முன் சுபைதா தாளை வாங்கி, அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தாள். என் முன்னால்தான் எழுதினாள். 'இரண்டு வாசலில் எதால் வருவீர்கள்?'

பதில் நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமாக வந்தது. மச்சான் இந்த விபரத்தை ஒரு வாத்தியாரிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "இது வாசிகசாலை அல்லவா" என்றிருக்கிறார். வாசிகசாலை, அதாவது நூலகம், நடத்துவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறதாம். மச்சான் அதில் சேர்ந்துவிட்டார். கடைசி வரி: 'வாசல் விஷயம். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.'

"புத்தகம் அடுக்கவா லண்டனுக்குப் போன?" என்றார் வாப்பா. ஆனால் மேசனைக் கூப்பிடச் சொல்லவில்லை.

நேர்முகம்

அந்தப் படிப்பை அவர் மாற்றவில்லை. முடித்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு, மெலிந்து, அதே இடியப்ப உரலோடு வந்து இறங்கினார். அதில் ஒரு தடவை கூட மாவு போடவில்லை. கதவு அடிக்காமல் முட்டுக் கொடுக்க உதவியதாகச் சொன்னார்.

உத்தியோகம் இல்லாமல் மாப்பிள்ளை ஏற்ற மாட்டேன் என்று மாமி நின்றுவிட்டார். வாசிகசாலைக்கு ஆள் கேட்கிற அரசாங்கக் கந்தோர் கொழும்பில்தான் இருந்தது. கொழும்புக்குப் போனால் வீடு மறுபடி பூட்டுத்தான். சுபைதா யன்னல் பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எங்கள் ஊர்ச் சபையிடம் கொஞ்சம் புத்தகப் பெட்டிகள் இருந்தன. யாரோ கொடுத்தவை. வைக்க இடமில்லாமல் தெருக் கூட்டுகிற விளக்குமாறுகளோடு கிடந்தன. வாசிகசாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நடுவில் மற்றக் குடிப் பிரக்கிராசியார். மச்சான் லண்டன் பத்திரத்தை நீட்டினார். பிரக்கிராசியார் அதை வாங்கிப் பறக்காமல் இருக்க மைக்கூட்டின் கீழ் வைத்துவிட்டுக் கேட்டார்.

"வாங்கு இரிக்கா?"

"இரிக்கி," என்றார் மச்சான்.

"தட்டு?"

"கூரை வரைக்கும்."

"வாசல் எத்தின?"

"ரெண்டு."

மூன்று பேரும் தலையோடு தலை வைத்து ஏதோ குசுகுசுத்தார்கள். பிரக்கிராசியார் நிமிர்ந்தார். "வேற ஒருத்தர் வந்தாரு. நல்லாப் படிச்சவருதான். ஆனா அவரிட்ட வாங்கில்ல. நாளைக்கே பெட்டிய உங்கட முன்னறைக்கு ஏத்தி அனுப்பிறம்."

லண்டன் பத்திரம் பல நாள் அந்த மைக்கூட்டின் கீழேயே இருந்தது. பிறகு நான்தான் போய் வாங்கி வந்தேன். நீல மை வட்டமாகப் பிடித்திருந்தது.

எதால் வருவீர்கள்

மாப்பிள்ளை அழைத்து வந்த பின்னேரம் ஒழுங்கை நிறைந்த சனம். ரபான் அடித்துக்கொண்டு, பன்னீர் தெளித்துக்கொண்டு வீட்டடிக்கு வந்த ஊர்வலம் வாசலில் நின்றுவிட்டது. எந்த வாசலால் ஏற்றுவது என்று பிரச்சினை. வழக்காளி வாசல்தான் பழையது என்றார் ஒருவர். எதிராளி வாசல்தான் தொழுகைக்குத் திரும்புகிற கிப்லாப் பக்கம் என்றார் இன்னொருவர். மாமி ஒரு பக்கம், வாப்பா மறு பக்கம். ரபான் அடித்தவர்கள் களைத்து நிறுத்திவிட்டார்கள். வாங்கில் அலியார் காக்கா கழுவிய சாரனோடு உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள, நீங்க சொல்லுங்க," என்றார்கள்.

ஹனிபா மச்சான் இந்த வாசலைப் பார்த்தார். அந்த வாசலைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கப் போவது தெரிந்தது. என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அவர் சொல்ல முன், உள்ளேயிருந்து ஒரு வளையல் கை நீண்டு எதிராளி வாசலின் கதவைச் சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

மச்சான் வழக்காளி வாசலால் உள்ளே போனார். அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து நான் கண்டதில்லை.

அடுத்த கிழமை வாசிகசாலை திறந்தது. முதல் ஆள் அலியார் காக்காதான், அதில் யாருக்கும் சண்டையில்லை. குடத்துத் தண்ணீர் ஊற்றித் தொட்டியில் கை கழுவ வைத்தோம். யன்னலடிக்குப் போய்க் குனிந்து, "முழங்காலுக்கு என்ன இரிக்கி?" என்று கேட்டார்.

மச்சான் மேல் தட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, திறக்காமல் யன்னலால் நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். லண்டனில் அவரை மயக்கி விழுத்திய, அங்கிருந்தே கூடக் கொண்டு வந்த டாக்டர் படிப்புப் புத்தகம் அது. உள்வீட்டுப் பக்கம் நின்ற சுபைதா அதை வாங்கி, தாளைப் புரட்டிப் புரட்டி ஒரு படத்தைக் கண்டுபிடித்து, காக்காவின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"இதான் காக்கா உங்கட முழங்கால்."

"மூடியாச்சா?" என்றார் மச்சான் சுவரைப் பார்த்தபடி.

"இன்னும் இல்ல. அங்கயே பாருங்க," என்றாள் அவள்.

அலியார் காக்கா படத்தைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"உள்ளுக்கு இவ்வளவு வடிவான சாமானா?" என்றார். "இத வெச்சிக்கிட்டா நான் இவ்வளவு நாளும் உக்காந்திரிந்த?"

சாரனை இறக்கிவிட்டு எழுந்து நடந்தார். அன்று சுபைதா போட்ட தாழ்ப்பாளை அவரே தூக்கி, எதிராளி வாசலால் போனார்.